மூச்சு வாங்க உழைத்தால் செல் கெடுமா?

தண்டுவடக் காயம்: வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. தண்டுவடம் அடிபட்டவர் எவ்வளவு கடுமையாக உடற்பயிற்சி செய்யலாம், அதனால் உள்ளே ஏதாவது கெடுமா? அவற்றில் சிலவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்கிறோம். கடிதங்களில் வரும் சி என்பது கழுத்துப் பகுதித் தண்டுவடம், டி என்பது நெஞ்சுப் பகுதி; எண் குறையக் குறையக் காயம் மேலே இருக்கிறது என்று பொருள்.

தென்னையிலிருந்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. டி10 மட்டத்தில் காயம். ஆறு மாதமாகக் கையால் சுற்றும் பெடலில் மூச்சு வாங்கப் பயிற்சி செய்கிறேன். "கடும் பயிற்சியில் ஃப்ரீ ராடிக்கல் உண்டாகி மிச்சமிருக்கும் நரம்பையும் அரித்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நிறுத்திவிடவா? லேப்பில் இதை அளந்து பார்க்க முடியுமா?
– வாசகர், தக்கலை

நிறுத்த வேண்டாம். அந்தச் செய்தியை எழுதியவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்.

முதல் விஷயம், அடிபட்ட நேரத்தில் நடப்பது. தண்டுவடம் நசுங்கிய முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குலைந்து, ஃப்ரீ ராடிக்கல்கள் (அக்கம்பக்கத்தைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள்) பெருகி, நரம்புச் செல்களின் கொழுப்புச் சவ்வைத் தாக்கும். வெயிலில் காய்ந்த சாளைக் கருவாட்டில் நாளாக ஆகக் கொழுப்பு மஞ்சளாகிக் காறல் வாடை அடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிவினைதான். மீன் கொழுப்பைப் போலவே நரம்புச் சவ்விலும் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு நிறைய. ஆனால் உங்களுக்கு அந்தக் கட்டம் முடிந்து மூன்று வருடமாகிவிட்டது.

இரண்டாவது, உழைக்கும் தசையில் நடப்பது. தசை சுருங்கும்போது இதே இனத்தைச் சேர்ந்த சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கொஞ்சம் கூடத்தான் செய்யும். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சுவாசிக்கும் ஆக்சிஜனில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு இப்படி மாறுகிறது என்று முன்பு நம்பினார்கள். உண்மை அளவு அதைவிட மிகக் குறைவு என்பதும், தசைச் சவ்விலுள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதிதான் முக்கிய ஊற்று என்பதும் பிறகு தெரிந்தது. பயிற்சி முடிந்து சில மணி நேரத்தில் இந்த ஏற்றம் வடிந்துவிடும். அதோடு, செல்லுக்கு அதுவே ஒரு சேதியாகவும் போகிறது. "இந்த வேலை மறுபடியும் வரும், தயாராகு" என்ற சேதி. அதைக் கேட்டுத்தான் செல் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற தன் சொந்தக் காவல் நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது, புது மைட்டோகாண்ட்ரியாவும் செய்துகொள்கிறது. பழகப் பழக, அதே வேலைக்கு முன்பு வந்த அளவு ஏற்றம் வருவதில்லை.

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இந்த ஃப்ரீ ராடிக்கல் அழுத்தம் ஓய்விலேயே கூடுதலாக இருக்கக் காரணங்கள் உண்டு. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, ஆறாத படுக்கைப்புண், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, பீடி சிகரெட். எல்லாவற்றுக்கும் மேலாக, அசையாத தசை. ஃப்ரீ ராடிக்கலுக்குப் பயப்படுகிறவர் பயப்பட வேண்டிய பட்டியல் இதுதான். இரவும் பகலும் எரியும் கங்கு இது. நீங்கள் பெடல் சுற்றும் இருபது நிமிடம் அதை அணைக்கும் பக்கம் நிற்கிறது.

ஆனால் பழக்கமில்லாத உடம்பில் திடீரென்று அளவுக்கு மீறி ஏற்றினால் தசை இழைகள் சிதையும், அழற்சி நாள் கணக்கில் நீடிக்கும். அதனால் கடுமையைவிடத் திடீர்த்தனத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

லேப்பில் ஃப்ரீ ராடிக்கல் பாதிப்பை அளந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தில், கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததைக் காட்டும் ஐசோபுரோஸ்டேன் போன்றவற்றை அளக்கிறார்கள். தனி ஒருவருக்கு அந்த எண்ணை வைத்துச் செய்ய எதுவுமில்லை. அந்தக் காசுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்புப் பட்டியல், சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது) எடுத்துப் பாருங்கள். தண்டுவடக் காயத்தில் நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைந்திருப்பது வழக்கம். எடையைப் பார்க்கும்போது ஒன்று: மற்றவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை) கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு உட்கார்ந்திருப்பதால் 22-ஐத் தாண்டினாலே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மில் தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும், வைட்டமின் இ 400 யூனிட் மாத்திரை ஒன்றும் எடுக்கச் சொன்னார்கள். "பயிற்சியால் வரும் கெடுதலை இது அடித்துவிடும்" என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், குளச்சல்

கெடுதலோடு பலனையும் சேர்த்து அடித்துவிடும் என்பதுதான் சிக்கல். 2009-இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நீங்கள் எழுதியிருக்கும் இதே அளவு சி-யும் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, காவல் நொதிகளும் கூடின. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. 2014-இல் நார்வேயில் 11 வாரம் நடந்த ஆய்விலும், மாத்திரைக் குழுவினரின் தசையில் மைட்டோகாண்ட்ரியாப் புரதங்கள் கூட வேண்டிய அளவு கூடவில்லை. மூச்சுத் திறன் மட்டும் இரு குழுவிலும் ஒரேபோல் உயர்ந்தது. இவர்கள் தண்டுவடக் காயம் உள்ளவர்கள் அல்ல. ஆனாலும் செல்லுக்குள் போகும் சேதி ஒன்றுதான். சர்க்கரை நோய் எளிதில் வரக்கூடிய உங்களுக்கு, இன்சுலின் மேம்படுவது முக்கியமான லாபம். அதை ஏன் காசு கொடுத்துத் தடுக்க வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. அதிக வைட்டமின் சி உடம்பில், கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்கும். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைத்திருப்பவருக்குக் கல் பயம் ஏற்கெனவே உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் இ சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயமும் கூடும்.

ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு. ஒரு பெரிய நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ அதைத் தந்துவிடும். வாரம் இரண்டு மூன்று நாள் சாளை, தினம் ஒரு கீரை, பயறு. இவ்வளவுதான். மீனைப் பொரிப்பதைவிடப் புளிமுளம் வைத்துச் சாப்பிடுங்கள். மரச்சீனிக் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. டாக்டர் எலும்புக்காக வைட்டமின் டி-யோ, புண் ஆற துத்தநாகமோ, சோகைக்கு இரும்போ எழுதியிருந்தால் அது வேறு கணக்கு. அவற்றை நிறுத்தக் கூடாது.

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில், சி6-இல் காயம். எவ்வளவு வேகமாகப் பெடல் சுற்றினாலும் நாடி 115-ஐத் தாண்டவில்லை. "ஒழுங்காக உழைக்கவில்லை" என்று பயிற்சியாளர் திட்டுகிறார்.
– வாசகி, மார்த்தாண்டம்

அவர் ஒழுங்காகத்தான் உழைக்கிறார். இதயத்தை விரட்டும் சிம்பதெடிக் நரம்புகள் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் மேல் கணுக்களிலிருந்து, டி1 முதல் டி4 வரை, கிளம்புகின்றன. கழுத்தில் முழுக் காயமென்றால் மூளையின் கட்டளை அங்கே போய்ச் சேராது. அதனால் உச்ச நாடியே பெரும்பாலும் 110 முதல் 130-க்குள் நின்றுவிடும். "220-இலிருந்து வயதைக் கழி" என்ற சூத்திரம் அவருக்குச் செல்லாது.

பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு அளவு வைத்துக்கொண்டு அவரையே கேளுங்கள். 4, 5 என்றால் மூச்சு கூடியிருக்கிறது, ஆனாலும் வாக்கியமாகப் பேச முடிகிறது. 7, 8 என்றால் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. கடும் பயிற்சி என்று நாம் சொல்வது இந்த 7, 8-ஐ. பயிற்சியாளரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிடம்? கடும் பயிற்சிக்குச் சரியான முறை சொல்லுங்கள். டி12 காயம், தோள் நன்றாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உடல் திறனுக்காக வாரம் இரண்டு நாள் குறைந்தது 20 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான மூச்சுப் பயிற்சியும், அதோடு இயங்கும் ஒவ்வொரு பெரிய தசைத் தொகுதிக்கும் மூன்று சுற்று வலுப் பயிற்சியும் கேட்கிறது. இதயம், சர்க்கரை, கொழுப்பு நலனுக்கு வாரம் மூன்று நாள், தலா 30 நிமிடம்.

முதலில் பெடலைச் சரியாக வையுங்கள். இங்கேதான் பலரும் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மேசையின் மேல் வைத்து, நகராதபடி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பெடலின் அச்சு உங்கள் தோள்மூட்டின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மேலே போனால் ஒவ்வொரு சுற்றிலும் தோளின் தசைநார் எலும்புக்கிடையே நசுங்கும். கைப்பிடி மிகத் தூரத்தில் இருக்கும்போதும் முழங்கை லேசாக மடங்கியே இருக்கட்டும். நாற்காலியின் பிரேக் இரண்டையும் போட்டு, உடம்பு முன்னால் சரிகிறதென்றால் நெஞ்சில் அகலமான பட்டை கட்டுங்கள். மெத்தையை எடுத்துவிட்டு உட்காரவே கூடாது.

முதல் நான்கு வாரம் கடுமை வேண்டாம். 4, 5 என்ற அளவில் 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூட்டி 20-க்கு வாருங்கள். ஐந்தாம் வாரம் முதல் திங்கள், வியாழன் மட்டும் இடைவெளிப் பயிற்சி: ஐந்து நிமிடம் மெதுவாகச் சுற்றி உடம்பைச் சூடாக்கி, 30 வினாடி 7, 8 அளவில் வேகம், 90 வினாடி மிக மெதுவாக. ஆறு தடவையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். கடைசியில் ஐந்து நிமிடம் மெதுவாகச் சுற்றித்தான் நிறுத்த வேண்டும், ஏனென்றால் கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும் வேலை உங்களுக்கு நடப்பதில்லை. சட்டென்று நிறுத்தினால் ரத்தம் கீழே தேங்கிக் கண் இருட்டும். அப்படி வந்தால் யாராவது நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் காலை உயர்த்திப் பிடிக்கட்டும். சனிக்கிழமை 30 நிமிடம் ஒரே சீராக, மிதமாக. இரண்டு கடும் நாட்களுக்கு இடையே 48 மணி நேரமாவது வேண்டும். காவல் நொதிகள் கூடுவதும் தசை சீராவதும் அந்த இடைவெளியில்தான்.

வலுப் பயிற்சியில் தள்ளுவதைவிட இழுப்பதை அதிகம் செய்யுங்கள். நாள் முழுக்கச் சக்கரத்தைத் தள்ளியே நெஞ்சுத் தசை இறுகிக் கிடக்கிறது, முதுகுப் பக்கம் தளர்ந்திருக்கிறது. சன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் கட்டித் தோள்பட்டை எலும்புகள் நெருங்கும்படி பின்னால் இழுங்கள், பத்துப் பத்தாக மூன்று சுற்று.

சக்கர நாற்காலியிலேயே பயிற்சி செய்வதென்றால் சமதளம் வேண்டும். நம் ஊர்ச் சாலைகளின் ஏற்ற இறக்கம் தோளுக்கு எதிரி. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் போன்ற இடம் நல்லது. குட்டிக் குட்டியாக அடிக்காமல் நீளமாகத் தள்ளி, கையை வளையத்துக்குக் கீழே தொங்கவிட்டு மறுபடி எடுத்து வாருங்கள்.

தொடங்குமுன் ஒரு முறை டாக்டரைப் பார்த்து இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். காலில் புதிய வீக்கம், திறந்த படுக்கைப்புண், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் அவை சரியான பிறகே தொடங்க வேண்டும்.

டி4 காயம். பயிற்சி நடுவில் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது, கையில் புல்லரிக்கிறது. ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுத் தொடர்கிறேன். சரிதானா?
– வாசகர், அஞ்சுகிராமம்

சரியில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் பதிலை வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

இது தன்னியக்க நரம்பு மிகைவினை. டி6-இலோ அதற்கு மேலோ காயமுள்ளவர்களுக்கு வரும். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் நிறைந்த சிறுநீர்ப்பை. உடம்பு அதை உணராவிட்டாலும், தண்டுவடம் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. மூளையால் அதைத் தடுக்க முடியவில்லை. உங்கள் வழக்கமான மேல் அழுத்தம் 95 என்றால் 130 என்பதே உங்களுக்கு ஆபத்தான ஏற்றம். அளந்து பார்த்தவர் "130தானே, நார்மல்" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. அதனால் உங்கள் வழக்கமான அளவை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும்.

வந்த உடனே பெடலை நிறுத்தி நிமிர்ந்து உட்காருங்கள், காலைத் தொங்கவிடுங்கள். படுக்கவே கூடாது, அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட், நெஞ்சுப் பட்டை, காலில் கட்டிய சிறுநீர்ப் பையின் வார், ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் அழுந்தியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா பாருங்கள். குழாய் இல்லாதவர் உடனே கதீட்டர் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும், கையிலிருந்தால், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் தடவி. அது காரணமில்லை என்றால் மலச்சிக்கல், அதுவும் இல்லை என்றால் தோல்: சட்டை மடிப்பு, வளர்ந்து குத்தும் கால் நகம், அடியில் கிடக்கும் நாணயம். இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தை அளந்துகொண்டே இருங்கள். காரணம் கிடைக்காமல் 150 அல்லது அதற்கு மேலேயே நின்றால் 108-ஐ அழையுங்கள். ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அழுத்தத்தை இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்து அதோடு சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்பு சிறுநீரை எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டு போட்டியில் இறங்கும் வீரர்களும் உண்டு. அதைச் சர்வதேச பாராலிம்பிக் குழு தடை செய்திருக்கிறது. அந்த எண்ணமே வேண்டாம்.

சித்திரை வெயிலில் பயிற்சி செய்தால் உடம்பு நெருப்பாகிறது, வியர்வையே இல்லை. தண்ணீர் அதிகம் குடிக்கவும் பயம்.
– வாசகர், குளச்சல்

காயத்துக்குக் கீழே வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை போவதில்லை, அதனால்தான். காலை ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். முகத்திலும் கையிலும் தண்ணீர் ஸ்பிரே அடித்து மேசை ஃபேனை நேராக வையுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஃபேன் இல்லாமல் வெறும் ஸ்பிரே மட்டும் அடித்தால் தண்ணீர் ஆவியாகாது, உடம்பும் குளிராது. ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி வையுங்கள், உணர்வில்லாத தோல் ஐஸிலும் வெந்துபோகும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் அன்று பயிற்சி முடிந்தது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். நேரத்துக்குக் கதீட்டர் போடுகிறவர் பயிற்சி நாளில் அரை லிட்டர் கூடக் குடித்தால், கதீட்டரையும் ஒரு தடவை கூடப் போட வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேர விடாதீர்கள். அக்கானி (பதநீர்) குடிப்பதில் தவறில்லை, ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்கு அது ஒரு டம்ளர் இனிப்புதான்.

சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் இருக்கும்போது லேசாகச் செய்யலாமா?
– வாசகி, குலசேகரம்

கூடாது. தொற்றே உடம்பில் ஃப்ரீ ராடிக்கலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் நின்று இரண்டு நாள் கழித்துப் பாதி நேரத்தில் தொடங்குங்கள்.

காலுக்குக் கரண்ட் கொடுத்துச் சைக்கிள் ஓட்டும் பயிற்சியில் முதல் நாளே முக்கால் மணி நேரம் ஓட்டினேன். மறுநாள் சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. இப்போது சரியாகிவிட்டது. தொடரலாமா?
– வாசகர், கருங்கல்

பல வருடம் அசையாமல் கிடந்த தசையை முதல் நாளே முக்கால் மணி நேரம் சுருங்க வைத்தால் தசை இழைகள் உடைந்து, மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரின் அந்த நிறம் அதனால் வந்திருக்கலாம். அளவு மீறினால் சிறுநீரகம் செயலிழக்கும். உணர்விருக்கும் காலாக இருந்தால் வலியே உங்களை நிறுத்தியிருக்கும். இங்கே வலி இல்லை, அதனால் கடிகாரம்தான் காவல். இப்போதே சிபிகே (தசைச் சிதைவைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது) இரண்டும் பார்த்துவிடுங்கள். தசை குறைந்தவருக்குக் கிரியாட்டினின் எப்போதும் தாழ்வாகவே இருக்கும் என்பதால், முந்தைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எல்லாம் சரியென்றால் ஐந்து நிமிடத்தில், குறைந்த கரண்டில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டுங்கள்.

அதற்கு முன் கால் எலும்பின் அடர்த்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புதான் அதிகம் கரைந்திருக்கும், கரண்ட் இழுக்கும் இழுப்பில் அது முறிந்தால்கூட உங்களுக்குத் தெரியாது. பயிற்சிக்கு மறுநாள் காலையில் இரண்டு முழங்காலையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியோ சூடாகவோ இருந்தால், வலி இல்லையென்று விட்டுவிடாமல் அன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.